வெட்டுவதும் நிறுத்துவதும்



தோல் ஊரில் நின்று கிருமிகளைப் பற்றிப் பேசுவதில் ஒரு வசதி உண்டு. இங்கே அவற்றை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உரித்த தோலுக்கு உடனே உப்புக் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பது ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். உப்புக் கட்டிய பிறகும் தொல்லை முற்றிலும் தீர்வதில்லை. புழுக்கமான நாட்களில், அடுக்கி வைத்த தோலின் சதைப்புறத்தில் செந்நிறத் திட்டுகள் பூக்கின்றன. தோல் வாங்குபவர் முகம் சுளிக்கிறார், விலை இறங்குகிறது. அந்தச் சிவப்பு, ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களில் உப்பில் மட்டுமே செழிக்கும் வகைகளின் நிறமி. கடல்நீரை வெயிலில் காய்ச்சும் உப்பளங்களில் அவை வாழ்கின்றன. உப்போடு மூட்டையில் ஏறித் தோலுக்கு வந்து சேர்கின்றன. மற்றக் கிருமிகளைக் கொல்லும் உப்பு இவற்றுக்கு உணவு மேசை.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் உயிரிலிருந்துதான் இன்றைய பேச்சு தொடங்குகிறது. ஸ்பெயினின் அலிகாந்தே நகரத்துக்கு அருகே சாந்தா போலா என்ற இடத்தில் உப்பளங்கள் உள்ளன. அங்கே கிடைக்கும் ஹாலோஃபெராக்ஸ் மெடிடெரேனி என்ற ஆர்க்கியாவை ஃபிரான்சிஸ்கோ மோஹிகா என்ற ஆய்வு மாணவர் படித்துக்கொண்டிருந்தார். உப்பின் அளவு மாறும்போது அதன் மரபணுக்களில் என்ன மாறுகிறது என்பதே அவருக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. டி.என்.ஏ.வின் எழுத்துகளைப் படித்தபோது விசித்திரமான ஒன்று கண்ணில் பட்டது. 30 எழுத்துகள் கொண்ட ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டு தொடர்களுக்கு நடுவே ஒவ்வொரு முறையும் வேறு வேறு எழுத்துகள். 1993-இல் அவர் இதை வெளியிட்டார். இதைப் போன்ற ஒன்றை ஈ.கோலை பாக்டீரியாவில் 1987-லேயே ஜப்பானில் இஷினோ குழுவினர் பார்த்திருந்தார்கள். அதன் பொருள் யாருக்கும் தெரியவில்லை, பெரிதாக யாரும் கவலைப்படவும் இல்லை. உப்பளத்து உயிரின் குறிப்பேட்டை இருபதாம் நூற்றாண்டு முடியும்வரை யாரும் திறந்து வாசிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அதே மாதிரியான தொடர் நம் மாவட்டத்துக்கு இன்னொரு வழியாக வந்து சேர்ந்தது, காசநோய்க் கிருமியின் உடலில்.

வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டை எல்லாம் ஒரே வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். குறுகிய காலக் காசநோய்ச் சிகிச்சையை அரசுத் திட்டத்தில் நடைமுறைப்படுத்தினால் எப்படி இருக்கும் என்று 1980-களில் சோதித்துப் பார்த்த மாவட்டங்களில் இதுவும் ஒன்று. சோதித்தது சென்னைச் சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையம். 1956-இல் தொடங்கி, சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே வைத்து நோயாளியைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்கு நிரூபித்த நிறுவனம் அது. இன்றைக்குத் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர்.

சிகிச்சை முடிந்தவருக்கு மீண்டும் நோய் வந்தால் ஒரு கேள்வி எழும். உள்ளே ஒளிந்திருந்த பழைய கிருமியே தலைதூக்கியதா, வெளியிலிருந்து புதிய கிருமி தொற்றியதா? இதற்குக் கிருமிக்குக் கிருமி வேறுபடும் கைரேகை தேவை. ஐ.எஸ்.6110 என்ற நகரும் டி.என்.ஏ. துண்டு கிருமியில் எத்தனை இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் அன்று உலகம் முழுவதும் இருந்த முறை. ஐரோப்பாவில் நன்றாக வேலை செய்தது. இங்கே சிக்கியது. தமிழ்நாட்டுக் கிருமிகளில் கணிசமான பங்குக்கு அந்தத் துண்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, சிலவற்றில் அதுவும் இல்லை என்று சென்னை மையத்தின் ஆய்வுகள் 1990-களில் காட்டின. ஊரில் பாதிப் பேருக்கு ஒரே கைரேகை என்றால் காவல் துறை என்ன செய்யும்?

மாற்று வழி நெதர்லாந்தின் பில்தோவனில் உருவானது. காசநோய்க் கிருமியிலும் அந்த மாதிரியான திரும்பத் திரும்ப வரும் தொடர் இருக்கிறது, ஒவ்வொன்றும் 36 எழுத்து. நடுவே வரும் இடைத்துண்டுகள் சில கிருமிகளில் இருக்கின்றன, சிலவற்றில் இல்லை. அவற்றில் 43 துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு சவ்வில் வரிசையாகப் பதித்து, எந்தெந்த இடம் கறுக்கிறது என்று பார்க்கும் முறையைக் காமர்பேக் குழுவினர் 1997-இல் வெளியிட்டார்கள். பெயர் ஸ்போலிகோடைப்பிங். தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் தொன்மையான மரபுக் கிருமியில் 29 முதல் 32 வரையும் 34-ஆவதும் வெறுமையாக இருக்கும். சீனாவில் முதலில் அடையாளம் காணப்பட்ட பெய்ஜிங் மரபில் 1 முதல் 34 வரை ஒன்றுமே இருக்காது. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கிருமிகளை இப்படி வகைப்படுத்தினார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அந்தக் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை அச்சிட்டவர்களுக்கு அவை எதன் பட்டைகள் என்று தெரியாது என்பதுதான். பில்தோவன் குழுவில் இருந்த வான் எம்ப்டன் உள்ளிட்டோர்தான் 2002-இல் மோஹிகாவோடு பேசி வைத்துக்கொண்டு அந்தத் தொடருக்குக் கிரிஸ்பர் என்ற பெயரை அச்சில் ஏற்றினார்கள். அதன் பக்கத்திலேயே எப்போதும் சில மரபணுக்கள் ஒட்டிக்கொண்டிருப்பதையும் கவனித்துச் சொன்னார்கள். பயன் என்ன என்பது அப்போதும் தெரியாது. 2005-இல்தான், மோஹிகா உட்பட மூன்று குழுக்கள் தனித்தனியே, இடைத்துண்டுகள் வைரஸ்களின் எழுத்துகளோடு பொருந்துகின்றன என்று கண்டன. 2007-இல் தயிர் உறைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் பாக்டீரியாவை வைத்து ஓர் உணவுப்பொருள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதை நிரூபித்தார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸுக்கு ஃபாஜ் என்று பெயர். தாக்கிய ஃபாஜின் ஒரு துண்டைக் கிருமி தன் டி.என்.ஏ.வில் ஒட்டி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே ஃபாஜ் வந்தால் அடையாளம் தெரிந்துவிடும். நோயாளியை விசாரிக்க நாம் பயன்படுத்திய கைரேகை, கிருமி தன் எதிரிகளைப் பற்றி எழுதி வைத்திருந்த பழைய வழக்குப் பதிவு.

மாணவர்களில் பலர் கிரிஸ்பர் என்றதும் கேஸ்-9 என்ற கத்தியை நினைப்பீர்கள். ஷார்பென்டியேவுக்கும் டவுட்னாவுக்கும் 2020-இல் வேதியியல் நோபல் பெற்றுத் தந்தது அது. வேலூர் சி.எம்.சி.யின் தண்டுயிரணு ஆய்வு மையத்தில், இரத்த ஹீமோகுளோபின் நோய்களுக்கு வழி தேடும் குழுக்கள் கையாளுவதும் அந்த வகைக் கருவிகளைத்தான். ஆனால் அது டி.என்.ஏ.வை வெட்டும் கத்தி. காசநோய்க் கிருமியில் இருப்பது வேறு ஏற்பாடு. மூன்றாம் வகை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒற்றைப் புரதம் இல்லை, பல புரதங்கள் கூடிய கூட்டு. அது பார்ப்பது ஆர்.என்.ஏ.வை. நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

ஒரு ஃபாஜின் டி.என்.ஏ. உள்ளே இருக்கிறது என்பதாலேயே ஆபத்து என்று சொல்ல முடியாது. அதன் மரபணு படிக்கப்பட்டு ஆர்.என்.ஏ. வெளிவரும்போதுதான் அந்த ஃபாஜ் உண்மையில் வேலையில் இறங்கியிருக்கிறது என்று பொருள். சில ஃபாஜ்கள் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குள் ஒட்டிக்கொண்டு பல தலைமுறை சத்தமில்லாமல் கிடக்கும். அப்படிக் கிடப்பவற்றால் சில சமயம் நன்மையும் உண்டு. நியூயார்க்கின் மராஃபினி ஆய்வகம் 2014-இல் ஸ்டஃபைலோகாக்கஸில் காட்டியது இதைத்தான்: மூன்றாம் வகைப் பாதுகாப்பு, தூங்கும் ஃபாஜை விட்டுவிடுகிறது, அது விழித்துக் கொல்லும் மரபணுக்களைப் படிக்கத் தொடங்கினால் தாக்குகிறது.

இனி இயந்திரத்துக்குள் நுழைவோம். முதலில் தொடரும் இடைத்துண்டுகளும் சேர்ந்த நீண்ட வரி ஒரே ஆர்.என்.ஏ.வாகப் படிக்கப்படுகிறது. கேஸ்-6 என்ற புரதம் அதை ஒவ்வொரு தொடரிலும் நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டின் முன்முனையிலும் தொடரின் எட்டு எழுத்துகள் மிச்சம் நிற்கின்றன. அவற்றை மறக்க வேண்டாம், பிறகு தேவைப்படும். எட்டு எழுத்துக்குப் பின்னால் வருவது எதிரியின் அடையாளம். இந்தச் சிறிய ஆர்.என்.ஏ.தான் வழிகாட்டி.

வழிகாட்டியைச் சுற்றிப் புரதங்கள் கட்டிக்கொள்கின்றன. முன்முனையில் கேஸ்-10 என்ற பெரிய புரதமும் சி.எஸ்.எம்.-4-ம். முதுகெலும்பாக சி.எஸ்.எம்.-3 ஒன்றன் பின் ஒன்றாகப் பல பிரதிகள். வயிற்றுப் பக்கம் சி.எஸ்.எம்.-2, மறுமுனையில் சி.எஸ்.எம்.-5. ஆம்பூரில் ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் வேலை செய்தவர்களுக்கு முதுகெலும்பின் வேலை சுலபமாகப் புரியும். ஒரே டையை வைத்து அடித்துக்கொண்டே போனால் எல்லாத் துண்டும் ஒரே அளவில் விழுகிறதல்லவா, அது போல. அயல் ஆர்.என்.ஏ. வழிகாட்டியோடு எழுத்துக்கு எழுத்து இணை சேர்கிறது. ஆனால் ஒவ்வொரு சி.எஸ்.எம்.-3-ம் தன் கட்டைவிரல் போன்ற ஒரு பகுதியை நடுவே நுழைத்து, ஆறு எழுத்துக்கு ஒரு முறை ஓர் எழுத்தை வெளியே திருப்பிவிடுகிறது. அந்த இடத்தில் ஓர் அஸ்பார்டிக் அமிலம் காத்திருக்கிறது, நறுக்கிவிடுகிறது. விளைவு, ஆறு ஆறு எழுத்தாக விழும் துண்டுகள். 2009-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் டெர்ன்ஸ் தம்பதியர் குழு, கொதிநீரில் வாழும் பைரோகாக்கஸ் என்ற ஆர்க்கியாவில் இதன் உறவுக் கூட்டு ஆர்.என்.ஏ.வை வெட்டுவதை முதலில் காட்டினார்கள். ஆறு எழுத்து இடைவெளியும் அதற்கான கட்டமைப்பும் 2014, 2015-களில் தெளிவாயின.

இத்தோடு கதை முடிந்திருந்தால் பாடப்புத்தகத்தில் அரைப்பக்கம் போதும். சிக்கல் இனிமேல்தான்.

கிருமியின் சொந்த டி.என்.ஏ.விலும் அதே இடைத்துண்டு இருக்கிறது. அதைப் பதிந்து வைத்ததே கிருமிதானே. எதிர் இழையிலிருந்து தவறுதலாக ஓர் ஆர்.என்.ஏ. படிக்கப்பட்டுவிட்டால், அதுவும் வழிகாட்டியோடு கச்சிதமாகப் பொருந்தும். தன்னைத்தானே எதிரி என்று முடிவு செய்தால் உயிர் போகும். இங்கேதான் நான் மறக்க வேண்டாம் என்ற எட்டு எழுத்துகள் வருகின்றன. சொந்த ஆர்.என்.ஏ.வில் இடைத்துண்டோடு தொடரின் எழுத்துகளும் இருக்கும், ஆகவே அந்த எட்டும் இணை சேர்ந்துவிடும். ஃபாஜின் ஆர்.என்.ஏ.வில் அந்த இடத்தில் வேறு எழுத்துகள், இணை சேராது. மராஃபினியும் சோன்தைமரும் 2010-இல் இந்த விதியைக் கண்டுபிடித்தார்கள். எட்டும் ஒட்டினால் சொந்தம், ஒட்டாவிட்டால் அயல்.

இதில் ஒரு நுட்பம் உண்டு, முதலில் படிக்கும்போது நம்ப முடியாது. சொந்தமோ அயலோ, சி.எஸ்.எம்.-3 வெட்டத்தான் செய்கிறது. எட்டு எழுத்துச் சோதனை வெட்டுக்குத் தடை போடுவதில்லை. தடை போடுவது கேஸ்-10-க்கு. ஒட்டாத அயல் ஆர்.என்.ஏ. வந்து உட்கார்ந்தால் மட்டுமே கேஸ்-10 உயிர் பெறுகிறது. அதற்கு இரண்டு கைகள். ஒரு கையால், படிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் ஃபாஜின் டி.என்.ஏ. இழையை அங்கேயே வெட்டுகிறது. இன்னொரு கை செய்யும் வேலை 2017 வரை யாருக்கும் தெரியாது.

அந்த ஆண்டு லிதுவேனியாவின் வில்னியஸிலிருந்தும் சுவிட்சர்லாந்தின் சூரிச்சிலிருந்தும் இரண்டு குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சொன்னார்கள்: கேஸ்-10, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யை எடுத்து, மூன்று முதல் ஆறு வரை கோத்து, வளையமாக முடிக்கிறது. இந்தச் சிறு வளையங்கள் செல் முழுவதும் பரவுகின்றன. பக்கத்திலேயே தனியாகத் திரியும் சி.எஸ்.எம்.-6 என்ற புரதத்தின் பையில் வளையம் பொருந்தியதும் அது விழித்து, கிடைத்த ஆர்.என்.ஏ.வை எல்லாம் கிழிக்கத் தொடங்குகிறது. ஃபாஜின் ஆர்.என்.ஏ., கிருமியின் சொந்த ஆர்.என்.ஏ., எந்த வேறுபாடும் கிடையாது. செல்லின் வளர்ச்சி நின்றுவிடும், சில வேளை செல்லே சாகும். ஒரே ஒரு அயல் ஆர்.என்.ஏ.விலிருந்து ஆயிரம் என்ற அளவில் வளையங்கள் உருவாகலாம் என்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் மால்கம் வொயிட் ஆய்வகம் கணக்கிட்டது.

எனக்குத் தோன்றுவது இதுதான். எதிரியைக் கண்டுபிடிப்பதும் வெட்டுவதும் இந்த ஏற்பாட்டின் எளிய பகுதி. ஆயிரம் மடங்கு பெருகும் ஒரு சங்கை ஊதிவிட்டு, அதை எப்படி நிறுத்துவது என்பதுதான் கடினம். சி.எஸ்.எம்.-3-இன் வெட்டை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஆறு ஆறாக நறுக்கப்பட்ட ஆர்.என்.ஏ. துண்டுகள் விலகிப் போனதும் கேஸ்-10 அணைந்துவிடுகிறது. அதாவது அந்த வெட்டு எதிரியை அழிப்பதை விட, எச்சரிக்கையை முடித்து வைக்கவே அதிகம் பயன்படுகிறது. ஃபாஜ் இன்னும் ஆர்.என்.ஏ. உற்பத்தி செய்துகொண்டிருந்தால் அடுத்த துண்டு வந்து உட்காரும், சங்கு மீண்டும் ஊதும். உற்பத்தி நின்றால் சங்கும் நிற்கும்.

வெளியே பரவிவிட்ட வளையங்களை என்ன செய்வது? அதற்கும் ஏற்பாடு உண்டு. வளையத்தை உடைக்கும் நொதிகளை வொயிட் குழு 2018-இல் ஆர்க்கியாவில் கண்டது. சில சி.எஸ்.எம்.-6 புரதங்கள் தங்களை எழுப்பும் வளையத்தைத் தாங்களே மெல்ல உடைத்துக்கொள்கின்றன, நேரம் வைத்து அணையும் விளக்கு மாதிரி. ஃபாஜ்களும் சும்மா இருக்கவில்லை. வளையத்தை மின்னல் வேகத்தில் உடைக்கும் நொதியைச் சில வைரஸ்கள் கூடவே கொண்டு வருவதை 2020-இல் கண்டார்கள். கத்தியைப் பிடுங்குவதை விடச் சங்கின் ஒலியைத் துடைத்துவிடுவது மலிவு என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் உடலிலும் இதைப் போன்ற ஒன்று உண்டு. வைரஸின் இரட்டை இழை ஆர்.என்.ஏ. தென்பட்டால், நம் செல்களும் ஏ.டி.பி.யைக் கோத்து ஒரு சிறு செய்தி மூலக்கூறு செய்கின்றன. அது ஆர்.என்.ஏஸ்-எல் என்ற நொதியை எழுப்பி, கையில் கிடைத்த ஆர்.என்.ஏ.வை வெட்ட வைக்கிறது. கிருமியில் அது வளையம், நம்மில் நேர்கோடு, பிணைப்பும் வேறு. மற்றபடி யோசனை அதேதான்.

நினைவு வைப்பதில் மட்டும் நாமும் அவையும் வேறு. 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தன. ஜேக்கப் ஜானின் வைராலஜித் துறையில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் வெளிவந்தது. அந்தச் சோதனை பார்த்தது வைரஸை அல்ல, வைரஸைச் சந்தித்ததற்கு அந்த உடல்கள் வைத்திருந்த எதிர்ப்புரதங்களை. அந்த நினைவு புரதத்தில் எழுதப்பட்டது, உடலோடு போய்விடும். கிருமியின் நினைவு டி.என்.ஏ.வில் எழுதப்பட்டது, பேரன் பேத்திகளுக்குச் சொத்தாகப் போகும்.

அந்தச் சொத்துக்கு என்ன பயன் என்பதற்கு நம் தோலில் வாழும் ஒரு பாக்டீரியாவைப் பாருங்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், மருத்துவமனைகளில் குழாய் வழியாக உடலுக்குள் நுழைந்து தொல்லை தருவது. அதன் ஓர் இடைத்துண்டு, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு எதிர்ப்பைப் பரப்பும் பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. துண்டுகளில் உள்ள ஒரு மரபணுவோடு பொருந்துகிறது. மராஃபினியும் சோன்தைமரும் 2008-இல் இதைக் காட்டினார்கள். மருந்து எதிர்ப்பைக் கிருமிகள் எளிதாகக் கைமாற்றிக்கொள்கின்றன என்று நாம் புலம்புகிறோம், அந்தக் கைமாற்றத்தைத் தடுக்கும் வேலியும் கிருமியிலேயே இருக்கிறது.

காசநோய்க் கிருமிக்குத் திரும்புவோம். அதன் ஏற்பாடு இன்றும் வேலை செய்கிறதா? செயின்ட் ஆண்ட்ரூஸ் குழு அதன் கூட்டை ஈ.கோலைக்குள் கட்டி எழுப்பி 2019-இல் பதில் சொன்னது: செய்கிறது. ஆறு அலகு வளையம் சி.எஸ்.எம்.-6-ஐ எழுப்புகிறது, அயல் பிளாஸ்மிட் உள்ளே நுழைய முடிவதில்லை. ஆனால் கிருமி புதிய இடைத்துண்டு எதையும் சேர்ப்பதாகத் தெரியவில்லை. மனித நுரையீரலுக்குள் ஒளிந்து வாழும் ஒன்று ஃபாஜை எங்கே சந்திக்கப் போகிறது? மண்ணில் திரிந்த மூதாதையரின் வழக்குப் பதிவுகள் அப்படியே நிற்கின்றன, காலப்போக்கில் பக்கம் பக்கமாக உதிர்கின்றன. உதிர்வு மட்டுமே நடப்பதால்தான் ஸ்போலிகோடைப்பிங் வம்சாவளி சொல்லுகிறது. பெய்ஜிங் மரபு இடைத்துண்டுகளோடு சேர்த்து சி.எஸ்.எம்.-6, சி.எஸ்.எம்.-5 மரபணுக்களையும் இழந்துவிட்டது. அப்படியும் உலகம் முழுவதும் பரவுகிறது. எதிர்ப்பாற்றலை இழந்தவன் பலவீனன் என்று நாம் நினைப்பது அதற்குப் பொருந்தவில்லை.

அந்தப் பெரிய இழப்பு பெய்ஜிங் மரபுக்கே உரியது. தென்னிந்தியாவில் வெகுகாலமாக இருந்துவரும் மரபில் அந்த வெட்டு நிகழவில்லை. இடையில் ஒரு புதிய வழியும் திறந்திருக்கிறது. காசநோய்க் கிருமிக்குள் வெளியிலிருந்து கத்தி கொண்டு போகாமல், அதன் சொந்தக் கூட்டுக்கே நாம் எழுதிய வழிகாட்டி ஆர்.என்.ஏ.வைக் கொடுத்து, அதன் மரபணுக்களில் வேண்டியதை அடக்கலாம் என்று சீன ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எந்த மரபணுவை அடக்கினால் கிருமி தளர்கிறது என்று தெரிந்தால், மருந்து எங்கே குறி வைக்க வேண்டும் என்பது தெரியும். சி.எஸ்.எம். மரபணுக்களைத் தொலைத்துவிட்ட பெய்ஜிங் கிருமியில் இந்த வழி செல்லாது. நம் பகுதி நோயாளிகளின் சளியில் வளரும் கிருமியில் செல்லுமா என்பது பார்க்கத் தக்க கேள்வி. அதற்கு உயர்பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும், சேத்துப்பட்டில் இருக்கிறது. கைகளும் வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கும் முதுநிலை மாணவர்களில் யாருக்காவது ஆர்வம் இருந்தால், கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள், பேசுவோம்.